ஸ்மோக்கி மலைகளின் இலையுதிர்கால நிறங்கள்: பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

அமெரிக்காவின் தென்கிழக்கில், டென்னசி, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களுக்கு எல்லையாக நீளும் மலைமுகட்டின் இருபுறமும் பரந்து கிடக்கிறது கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா. அட்லாண்டா, சார்லட், நாக்ஸ்வில் போன்ற ஊர்களில் வேலை நிமித்தம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, காரில் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய பெருமலை இதுவே. செப்டம்பர் பிறந்ததும் அங்கே போக நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தத் தேதியில் போனால் நிறங்கள் உச்சத்தில் இருக்கும்? இந்தக் கேள்விக்கு ஒரே தேதியை விடையாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். அந்த மலைகளில் நிற உச்சம் என்பது ஒரு நாளில் வந்து போகும் நிகழ்வு கிடையாது. செப்டம்பர் பிற்பகுதியில் உயரமான சரிவுகளில் தொடங்கி, நவம்பர் முற்பகுதியில் அடிவாரத்தை வந்தடையும்வரை, ஏறத்தாழ ஏழு வாரங்கள் மலையின்மேல் மெதுவாகக் கீழிறங்கும் ஒரு நிறப்பட்டை அது. நாம் போகிற நாளில் அந்தப் பட்டை எந்த உயரத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். பயணத் திட்டத்தின் பெரும்பகுதி அப்போதே முடிந்துவிடுகிறது.

இதை விளங்கிக்கொள்ள, இலை ஏன் நிறம் மாறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோடைக்காலம் முழுவதும் இலையில் உள்ள பச்சையம் வெயிலில் சிதைந்துகொண்டும், மரத்தால் மீண்டும் மீண்டும் உருவாக்கப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. ஆகஸ்ட் கழிந்து பகற்பொழுது கணிசமாகக் குறைந்ததும், இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் தக்கை போன்ற ஓர் அடுக்கு சிறுகச் சிறுக வளர்கிறது. இலைக்கு நீர் வரும் வழியும், இலையிலிருந்து சர்க்கரை வெளியேறும் வழியும் அதனால் குறுகிக்கொண்டே போகின்றன. மரம் புதிய பச்சையத்தை உருவாக்குவதை நிறுத்திவிடுகிறது. இருந்ததும் சிதைந்து மறைகிறது. கரோட்டினாய்டு எனப்படும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் கோடையிலும் அந்த இலைக்குள் இருந்தவைதான். அவற்றை மறைத்திருந்த பச்சை விலகியதும் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே துலிப் மரம், ஹிக்கரி, பிர்ச், பீச் ஆகியவற்றின் மஞ்சளும் பொன்னிறமும் எந்த ஆண்டிலும் அநேகமாக ஏமாற்றுவதில்லை.

சிவப்பின் கதை வேறு. செம்மேப்பிள், சவர்வுட், பிளாக் கம், ஸ்கார்லெட் ஓக் போன்ற மரங்களில் நாம் காணும் செந்நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி, பெரும்பாலும் இலையுதிர்காலத்திலேயே புதிதாக உருவாகிறது. அதற்கு இலையில் சர்க்கரை தேங்கியிருக்க வேண்டும். நல்ல வெயில் உள்ள பகல், உறைநிலைக்குக் கீழே போகாத குளிர்ந்த இரவு என்று நாட்கள் தொடர்ந்து அமைந்தால் சிவப்பு ஆழமாகிறது. மேகமூட்டமும் வெப்பமான இரவுகளும் நீடித்தால் மங்கிப்போகிறது. ஓர் ஆண்டில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மறு ஆண்டு அதே இடத்துக்குப் போகிறவர்கள், மஞ்சள் அப்படியே இருந்தும் சிவப்பு குறைவாக இருப்பதாகச் சொல்வது இதனால்தான். ஓக் மரங்களின் இறுதிக்கட்டப் பழுப்பு நிறம் இலையில் எஞ்சும் டானின் என்ற துவர்ப்புப் பொருட்களால் வருவது.

பகற்பொழுதின் நீளமே முதல் சைகை என்பதால், மாற்றம் தொடங்கும் காலம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக வேறுபடுவதில்லை. வானிலை அதைச் சுமார் ஒரு வாரம் முன்னோ பின்னோ தள்ளுகிறது: சூடான செப்டம்பர் தாமதப்படுத்தும், கடும் வறட்சி சில மரங்களின் இலைகளை நிறம் ஏறும் முன்பே காயவைக்கும், பலத்த காற்றோடு பெய்யும் ஒரு நாள் மழை உச்சத்தில் இருக்கும் ஒரு சரிவையே வெறுமையாக்கிவிடும். தமிழ்நாட்டில் நமக்குப் பழக்கமான இலையுதிர்வு வேறு வகையானது. முதுமலைக் காட்டில் தேக்கும் பிற மரங்களும் இலை உதிர்ப்பது குளிரால் அல்லாமல், மழை ஓய்ந்தபின் வரும் வறண்ட மாதங்களில் நீரைச் சேமிப்பதற்காக. நீலகிரியின் சோலைக்காடுகளோ ஆண்டு முழுவதும் பசுமையாகவே இருப்பவை. குளிர்கால வருகையை ஒரு காடு முழுவதும் நிறமாக அறிவிக்கும் காட்சியை ஊரில் வளர்ந்தவர்கள் முதன்முதலில் காணும்போது திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

உயரம் செய்யும் வேலை

பூங்காவின் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 875 அடி உயரத்திலும், மிக உயர்ந்த சிகரமான குவோஹி 6,643 அடி உயரத்திலும் இருக்கின்றன. கிளிங்மன்ஸ் டோம் என்று நெடுங்காலம் வழங்கப்பட்ட அச்சிகரத்துக்கு, அப்பகுதியின் தொல்குடிகளான செரோக்கி மக்களின் பழைய பெயர் 2024 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திரும்பக் கொடுக்கப்பட்டது. பழைய வரைபடங்களை வைத்துத் திட்டமிடுபவர்கள் இரண்டு பெயர்களையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பொதுவாக ஒவ்வோர் ஆயிரம் அடி ஏறும்போதும் வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அந்தக் கணக்கில், அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே ஒரே நேரத்தில் 11 டிகிரி அளவுக்கு வேறுபாடு இருக்கக்கூடும். அதாவது, ஒரே பூங்காவுக்குள் பல தட்பவெப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கேற்ப மரங்களும் மாறுகின்றன. இப்பூங்காவில் இயல்பாக வளரும் மர வகைகள் மட்டும் ஏறத்தாழ நூறு இருப்பதால், அவை நிறம் மாறும் காலமும் பரவலாக நீள்கிறது.

முதன்முறை செல்பவர்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். உயரமான இடத்தில் நிறம் முதலில் வரும் என்று படித்தவுடன், உச்சிக்குப் போனால் உச்சகட்ட நிறத்தைக் காணலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் சுமார் 5,500 அடிக்கு மேலுள்ள காடு பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், ஃபிர் ஆகிய ஊசியிலை மரங்களால் ஆனது. அவை இலையுதிர்காலத்திலும் கரும்பச்சையாகவே நிற்கும். ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறு பூச்சியால் அங்கிருந்த முதிர்ந்த ஃபிரேசர் ஃபிர் மரங்களில் மிகப் பெரும்பகுதி பட்டுப்போயிற்று. சாம்பல் நிறத்தில் நிற்கும் அந்த வெற்று மரங்களைப் பார்த்து, இலைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன, தாமதமாக வந்துவிட்டோம் என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. குவோஹியின் உச்சிக்குப் போவது அங்கிருந்து கீழே பார்ப்பதற்காக. 1959-இல் கட்டப்பட்ட காட்சிக் கோபுரத்தில் நின்றால், கரும்பச்சை விளிம்புக்கு அடியில் பொன்னிறம் தொடங்கும் கோடும், அது பள்ளத்தாக்கில் மீண்டும் பச்சையாக மாறும் கோடும் அக்டோபர் நடுப்பகுதியில் தெளிவாகத் தெரியும். நிறப்பட்டை என்று மேலே சொன்னதைக் கண்ணால் காண அதைவிட நல்ல இடம் அந்தப் பூங்காவில் இல்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து கோபுரத்துக்கு அரை மைல்தான் நடக்க வேண்டும் என்றாலும் பாதை செங்குத்தானது. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஊசியிலைக் காட்டுக்குக் கீழே, 5,000 அடியை ஒட்டிய சரிவுகளில் மஞ்சள் பிர்ச்சும் அமெரிக்க பீச்சும் செப்டம்பர் பிற்பகுதியிலேயே மாறத் தொடங்குகின்றன. 4,000 அடிக்கு மேற்பட்ட பகுதிகள் பெரும்பாலும் அக்டோபரின் முதல் பாதியில் உச்சத்தை அடைகின்றன. அக்டோபர் நடுவிலிருந்து மாத இறுதிவரை இடைப்பட்ட உயரங்களின் முறை வருகிறது: சர்க்கரை மேப்பிள், செம்மேப்பிள், துலிப் மரம், ஹிக்கரி என்று வகைகள் அதிகமாக இருப்பதால் நிறக்கலவை மிகச் செழிப்பாக இருப்பது இந்தக் கட்டத்தில்தான். அக்டோபர் இறுதியிலும் நவம்பரின் முதல் வாரத்திலும் அடிவாரத்தின் ஸ்வீட் கம் மரங்களும் ஓக்குகளும் மாறுகின்றன. சுமாக், டாக்வுட், சவர்வுட் போன்ற சில மட்டும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாமல், தாழ்வான இடங்களிலும் செப்டம்பரிலேயே சிவந்துவிடும். சாலையோரத்தில் அவற்றைப் பார்த்துவிட்டுக் காடு முழுவதும் தயாராகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். வடக்கு நோக்கிய சரிவுகள் குளிர்ந்து ஈரமாக இருப்பதால் அங்கே மேப்பிளும் பிர்ச்சும் சற்று முந்திக்கொள்கின்றன. வெயில் படும் தெற்குச் சரிவுகளில் ஓக் மரங்கள் மிகுதி என்பதால் அவை பின்தங்குகின்றன.

எந்த வாரம், எங்கே தங்குவது

முதல் பயணம், கையில் மூன்று நாள் விடுப்பு என்றால் அக்டோபர் 15-க்கும் 28-க்கும் இடைப்பட்ட வார நாட்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பட்டை அப்போது மலையின் நடுப்பகுதியில் இருக்கும். வானிலையால் ஒரு வாரம் முந்தியிருந்தால் கீழே இறங்கியும், பிந்தியிருந்தால் மேலே ஏறியும் அதை எட்டிப்பிடித்துவிடலாம். அக்டோபர் தொடக்கத்தில் போனால் மேலே மட்டுமே தேட முடியும். நவம்பரில் போனால் கீழே மட்டுமே. நடு வாரங்களில்தான் இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை கூட்டாட்சி விடுமுறை நாள் என்பதால், அதையொட்டிய வார இறுதியைத் தவிர்ப்பது மிகவும் நல்லது.

இந்த யோசனையைச் செயல்படுத்த மிகப் பொருத்தமான சாலை நியூஃபவுண்ட் கேப் சாலை. டென்னசிப் பக்கத்தில் கேட்லின்பர்க் ஊரை ஒட்டிச் சுமார் 1,300 அடி உயரத்தில் தொடங்கி, மாநில எல்லையில் 5,046 அடி உயரமுள்ள கணவாயைத் தொட்டு, வட கரோலினாப் பக்கத்தில் செரோக்கி ஊருக்கு இறங்கும் அது, மொத்தம் 31 மைல் நீளம்தான். 1940-இல் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இப்பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தது அந்தக் கணவாயில் வைத்துத்தான். முதல் நாள் காலையில் இந்தச் சாலையை ஒருமுறை முழுவதும் கடந்துபார்க்க வேண்டும். நிறங்கள் எந்த உயரத்தில் செறிவாக இருக்கின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். செல்பேசிக் கோபுரத்தின் தொடர்பு பூங்காவுக்குள் பெரும்பாலும் கிடைக்காது என்றாலும், செயற்கைக்கோள் வழி உயரம் காட்டும் செயலிகள் இயங்கும். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள், அதே உயரத்தில் உள்ள நடைபாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து நடந்தால், காரின் கண்ணாடி வழியாகப் பார்த்ததன் உள்ளே நிற்பீர்கள். வழியில் மார்ட்டன் காட்சிமுனையும், எல்லையைத் தாண்டியதும் வரும் ஒக்கனலுஃப்டி பள்ளத்தாக்குக் காட்சிமுனையும் நின்று பார்க்க வேண்டியவை. முன்னது மாலைக்கு ஏற்றது, பின்னது காலைக்கு ஏற்றது.

தங்குவதற்கு டென்னசிப் பக்கத்தில் கேட்லின்பர்க்கும் பிஜன் ஃபோர்ஜும் உள்ளன. விடுதிகள் ஏராளம், கூட்டமும் அப்படியே. என் விருப்பம் வட கரோலினாப் பக்கத்தில் உள்ள பிரைசன் சிட்டி, செரோக்கி ஆகிய ஊர்கள். ஊர் சிறியது, காலையில் மலையேறும் வழியில் நெரிசல் குறைவு, பக்கத்திலேயே புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையும் தொடங்குகிறது. எங்கே தங்கினாலும், கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ள அறையைக் கோடையிலேயே பதிந்துவைக்க வேண்டும். அக்டோபர் நெருங்கியபின் நியாயமான விலையில் அறை கிடைப்பது அரிது.

புளூ ரிட்ஜ் பார்க்வேயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவிலிருந்து ஸ்மோக்கி வரை 469 மைல் நீளும் இந்த மலைமுகட்டுச் சாலையில் லாரிகளுக்கு அனுமதி கிடையாது. பெரும்பாலான இடங்களில் வேக வரம்பு மணிக்கு 45 மைல். வடக்கு முனையிலிருந்து எண்ணப்படும் மைல்கற்களைக் கொண்டே இடங்களைக் குறிப்பிடுவது அங்கே வழக்கம். 431-ஆவது மைல்கல்லை ஒட்டிய ரிச்லண்ட் பால்சம், 6,053 அடியுடன் அச்சாலையின் மிக உயர்ந்த இடம். 418-ஆவது மைல்கல்லைத் தாண்டியதும் வரும் கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ் 5,000 அடிக்கு மேலுள்ள திறந்த பள்ளத்தாக்கு. அங்கே புதர்களும் சிறு மரங்களும் செப்டம்பர் இறுதியிலிருந்தே சிவக்கின்றன. எனவே அக்டோபர் முதல் வாரத்தில் மட்டுமே விடுப்பு கிடைப்பவர்கள் ஸ்மோக்கியை விட இந்தப் பகுதியை முதன்மையாக வைத்துக்கொள்ளலாம். 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் இந்தச் சாலையைப் பல இடங்களில் அரித்துச் சென்றது. பழுதுபார்க்கும் பணி நீண்டகாலம் பிடிக்கும் தன்மையது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதைத் தேசியப் பூங்காச் சேவையின் இணையதளத்தில் பார்க்காமல் புறப்படக் கூடாது.

முன்னறிவிப்பு வரைபடங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டிலிருந்தே வலம் வருகின்றன. மாவட்டம் மாவட்டமாக நிறம் தீட்டிக் காட்டும் அவ்வரைபடங்கள் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிய நகர்வை ஓரளவு காட்டும். நியூ இங்கிலாந்து மலைகளில் செப்டம்பர் இறுதியில் தொடங்கும் உச்சம் ஸ்மோக்கிக்கு அக்டோபரில் வருவது அப்படித்தான். ஆனால் ஒரே மாவட்டத்துக்குள் ஐயாயிரம் அடி உயர வேறுபாடு இருக்கும் இடத்தில் ஒரு மாவட்டத்துக்கு ஒரே நிறம் என்பது பொருளற்றது. அதைவிடப் பயன் தருவது பூங்கா நிர்வாகம் நியூஃபவுண்ட் கேப், லுக் ராக் போன்ற இடங்களில் வைத்திருக்கும் இணையக் கேமராக்கள். உயரமான ஒரு கேமராவையும் தாழ்வான ஒரு கேமராவையும் பயணத்துக்கு முந்தைய பத்து நாட்கள் தொடர்ந்து பார்த்து வந்தால், பட்டை எங்கே இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

கூட்டமும் குளிரும் சில விதிகளும்

ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாகும் இப்பூங்கா, அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் மிக அதிகமானோர் வருவது. அதில் அக்டோபர் மிகவும் நெரிசலான மாதங்களுள் ஒன்று. கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கின் 11 மைல் ஒருவழிச் சாலையை வார இறுதி மதியத்தில் சுற்றிவரப் பல மணி நேரம் ஆகிவிடும். அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் உதிப்பதே காலை ஏழே முக்கால் மணியளவில்தான் என்பதால், குழந்தைகளோடு வருபவர்களும் விடியலுக்குள் மலையில் இருப்பது பெரிய சிரமம் ஆகாது. அந்த வேளையில் பள்ளத்தாக்குகளில் தேங்கியிருக்கும் மூடுபனியும் ஒரு பேறு.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1951-இல் நியூஃபவுண்ட் கேப் சாலையை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோது, அதில் சுங்கமோ உரிமக் கட்டணமோ விதிக்கக் கூடாது என்று டென்னசி மாநிலம் நிபந்தனை போட்டது அதற்கு ஒரு காரணம். ஆனால் 2023 மார்ச் முதல், 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்துபவர்கள் நிறுத்துமிட அட்டை வாங்க வேண்டும். அறிமுகமானபோது ஒரு நாளைக்கு 5 டாலர், வாரத்துக்கு 15 டாலர், ஆண்டுக்கு 40 டாலர் என விதிக்கப்பட்டது. அட்டை வாங்கியிருப்பதால் நிறுத்த இடம் கிடைத்துவிடும் என்ற உறுதி கிடையாது. பூங்காவுக்குள் பெட்ரோல் நிலையமோ உணவகமோ இல்லை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகும் நம் வழக்கம் இங்கே மிகவும் கைகொடுக்கும். சாப்பிட்டு முடித்த கையோடு பாத்திரங்களையும் மிச்சத்தையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். குளிர்காலத்துக்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளக் கருங்கரடிகள் ஓயாமல் இரை தேடும் பருவம் அது. மனித உணவின் சுவை பழகிய கரடியின் வாழ்வு பெரும்பாலும் நல்லபடியாக முடிவதில்லை. கரடிக்கும், 2001-இல் மீண்டும் இங்கே கொண்டுவந்து விடப்பட்ட எல்க் மான்களுக்கும் 50 கஜ தூரத்துக்குள் வேண்டுமென்றே நெருங்குவது சட்டப்படி குற்றம். ஒக்கனலுஃப்டி வயல்வெளிகளில் காலையும் மாலையும் மேயும் எல்க்குகளில் ஆண்கள், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் இணைசேரும் பருவம் என்பதால் சீற்றத்தோடு இருக்கும். தூரத்தில் நின்று அவற்றின் நீண்ட குரலைக் கேட்பதே நிறைவான அனுபவம்.

உடை விஷயத்தில் 11 டிகிரி வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் அரைக்கைச் சட்டை போதும் என்று தோன்றும் அதே மதியம், குவோஹியில் காற்றோடு சேர்ந்து குளிர் விரல்களை மரத்துப்போக வைக்கும். மழைக்காப்பு உடையும் கட்டாயம் வேண்டும். மழை பெய்தால் பயணம் வீண் என்று பலர் அறையிலேயே இருந்துவிடுவது வருத்தத்துக்குரியது. நனைந்த மரப்பட்டை கறுத்து, இலைகளின் மீதுள்ள வெளிறிய பளபளப்பு நீங்கி, மேகத்தின் சீரான ஒளியில் மஞ்சளும் சிவப்பும் மிக ஆழமாகத் தெரிவது தூறல் நாட்களில்தான். அத்தகைய நாளில் காட்சிமுனைகளை விட்டுவிட்டு ஓடையோரப் பாதைகளுக்குப் போங்கள். வெயில் நாளில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைக்காமல் இலைகளுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். ஒளி இலையை ஊடுருவி வரும்போது நிறம் வேறொன்றாகத் தெரியும்.

விடுப்பு நவம்பர் முதல் வாரத்தில்தான் கிடைக்கிறது என்றால், மேலே போவதை விட்டுவிட்டு ஃபுட்ஹில்ஸ் பார்க்வேயின் மேற்குப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். சில்ஹோவியிலிருந்து வியர்ஸ் வேலி வரை 33 மைல் நீளும் அந்தத் தாழ்முகட்டுச் சாலை, 2018-இல் அதன் கடைசி இணைப்பு திறக்கப்பட்ட பின்னரே முழுமையாகக் கிடைத்தது. ஓக்குகளின் செம்பழுப்பும், பின்னணியில் ஏற்கெனவே இலையுதிர்ந்து சாம்பல் பூத்த உயர்மலைகளும் அங்கிருந்து ஒருங்கே தெரியும். நவம்பரின் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்தப்படுகின்றன என்பதால், அதன்பின் மாலை ஐந்தரை மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். மதிய உணவுக்கு முன்பே மலையில் இருக்கும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். குவோஹிக்குச் செல்லும் ஏழு மைல் சாலையோ டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடப்பட்டிருக்கும்.